கல்மரத்தின் வயதை எண்ணியது யார்?
– அணுக்கரு இயற்பியலை நாற்பது வயதுக்கு மேல் கற்ற ஓர் அனுபவம்

பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது சாத்தனூர். அங்குள்ள கல்மரப் பூங்காவுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் களப்பயணமாக அழைத்துச் செல்வது எங்கள் பள்ளியின் வழக்கம். வேலிக்குள் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் அந்த மரத்தை 1940ஆம் ஆண்டு கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில் அத்துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவரும் அவரே.

நான் தாவரவியல் படித்த பட்டதாரி ஆசிரியர். கல்மரத்தின் முன் நின்றால் எனக்குப் பேச்சு தானாக வரும். சைலம், மரக்கட்டை, செல் இடைவெளிகளில் சிலிகா புகுந்து படிந்தது, ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலோரத்தில் புதைத்தது என்று அரை மணி நேரம் பேசுவேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பேசி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்:

“டீச்சர், பலகையில 12 கோடி வருஷம்னு போட்டிருக்கே, யாரு எண்ணிப் பார்த்தாங்க?”

“கார்பன் டேட்டிங்னு ஒரு முறை இருக்கும்மா, அதை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க” என்றேன். அவளும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு அதே மாணவி பத்தாம் வகுப்பில் என் முன் அமர்ந்திருந்தாள். அணுக்கரு இயற்பியல் பாடம். கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள் என்று கரும்பலகையில் எழுதினேன். ஐந்து நிமிடம் கழித்துக் கை உயர்ந்தது.

“டீச்சர், 5,730 வருஷத்துக்கு ஒருதரம் பாதி ஆகும்னா, 12 கோடி வருஷத்துல இருபதாயிரம் தரத்துக்கு மேல பாதி ஆகியிருக்குமே. அப்புறம் அந்த மரத்துல என்ன மிஞ்சியிருக்கும், எண்ணிப் பார்க்க?”

என்னிடம் பதில் இல்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்றேன். அந்த ‘நாளை’ வருவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் நான் கற்றதையும் கற்ற விதத்தையும்தான் இங்கே எழுதுகிறேன். உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் பலர் என்னைப் போலவே தாவரவியலோ விலங்கியலோ வேதியியலோ படித்து வந்தவர்கள். கல்லூரியில் தொடாத இயற்பியலை வகுப்பறையில் நடத்த வேண்டிய நிலையில் உள்ள அவர்களுக்கு இது உதவக்கூடும்.

மாணவியின் கணக்கு

முதலில் அவள் போட்ட கணக்கைச் சரிபார்த்தேன். 12 கோடியை 5,730ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20,940. அத்தனை முறை பாதியாக்க வேண்டும். பத்து முறை பாதியாக்கினாலே 1,024இல் ஒரு பங்குதான் மிஞ்சும்.

உயிருள்ள தாவரத்திலிருந்து எடுத்த ஒரு கிராம் கார்பனில் சுமார் 6,000 கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கும். கேட்க மிகப் பெரிய எண். ஆனால் 36 முறை பாதியாக்கினால் ஓர் அணுகூட எஞ்சாத நிலை வந்துவிடும். 36 × 5,730 = 2,06,280 ஆண்டுகள். ஒரு கிராம் வேண்டாம், பூமி முழுவதுமே ஒரு பெரிய மரக்கட்டையாக இருந்தது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். அப்போதும் 128 முறை பாதியாக்கினால் கடைசி அணுவுக்கு வந்துவிடுகிறோம். அதற்கு ஆகும் காலம் ஏழரை லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு. 12 கோடி எங்கே, ஏழரை லட்சம் எங்கே!

போதாக்குறைக்கு, கல்மரத்தில் மரத்தின் கார்பன் பெரும்பாலும் இல்லை. அந்த இடத்தில் சிலிகா இருக்கிறது என்று நானே அரை மணி நேரம் பேசியிருக்கிறேன்! தாவரவியல் அறிவும் இயற்பியல் சொல்லும் என் தலைக்குள் தனித்தனி அறைகளில் இருந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே அறையில் உட்கார வைத்தவள் அந்த மாணவி.

கார்பன்-14 பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. நடைமுறையில் சுமார் 50,000 ஆண்டுகள் வரை அது நல்ல கடிகாரம். அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் சோழர் காலக் கரித்துண்டு ஒன்று கிடைக்கிறது என்று கொள்வோம். 1,000 ஆண்டுகளில் அதிலுள்ள கார்பன்-14 நூற்றுக்கு 89 பங்காகக் குறைந்திருக்கும். அதை அளக்கலாம். கீழடியில் கிடைத்த கரி மாதிரிகளின் காலம் கணிக்கப்பட்டதும் இப்படித்தான். மாளிகைமேட்டுக்கு ஏற்ற கடிகாரம் சாத்தனூருக்கு ஏற்றதன்று.

“அரை ஆயுள்” என்ற சொல் செய்த குழப்பம்

கற்கத் தொடங்கியதும் நான் முதலில் இடறியது ஒரு சொல்லில்தான். அரை ஆயுள் என்றால் முழு ஆயுளில் பாதி என்றே தமிழ் மனம் எடுத்துக்கொள்கிறது. எண்பது வயது வாழ்பவருக்கு அரை ஆயுள் நாற்பது. எனவே இரண்டு அரை ஆயுள் கழிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். வெளியே சொல்லாவிட்டாலும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உண்மை வேறு. இருப்பதில் பாதி, பிறகு எஞ்சியதில் பாதி, பிறகு அதில் பாதி. இதன் அடியில் இன்னும் வியப்பான செய்தி ஒன்று உள்ளது: அணுவுக்கு முதுமை கிடையாது. மனிதருக்கு வயது ஏற ஏற இறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. நேற்று உண்டான கார்பன்-14 அணுவுக்கும் பத்தாயிரம் ஆண்டுகளாகச் சிதையாமல் இருக்கும் கார்பன்-14 அணுவுக்கும், அடுத்த ஓராண்டில் சிதையும் வாய்ப்பு ஒன்றே. எந்த அணு எப்போது சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்தால் எத்தனை சிதையும் என்று மிகத் துல்லியமாகச் சொல்லலாம். கதிரியக்கத் தனிமங்களின் சிதைவு இவ்வாறு நிகழ்கிறது என்பதை 1902ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியலில் ரூதர்போர்டும் சாடியும் நிறுவினார்கள். நவீன இயற்பியலுக்குள் நான் எடுத்து வைத்த முதல் அடி இதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவை புளியங்கொட்டைகள்.

வகுப்பறைச் செயல்பாடு: புளியங்கொட்டைச் சிதைவு

தாயம் விளையாடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குவோம் அல்லவா? அப்படி 128 கொட்டைகளைத் தயார் செய்யச் சொல்லுங்கள். குழுவுக்கு ஐந்தாறு பேர் போதும்.

1. எல்லாக் கொட்டைகளையும் ஒரு தட்டில் குலுக்கிக் கொட்டுங்கள்.
2. வெள்ளைப் பக்கம் மேலே இருப்பவை ‘சிதைந்தவை’. அவற்றை எடுத்து ஒதுக்குங்கள்.
3. எஞ்சியவற்றை எண்ணிக் குறியுங்கள். மீண்டும் குலுக்குங்கள்.
4. எட்டு முறை செய்து, வீச்சின் எண்ணிக்கையைக் கிடை அச்சிலும் எஞ்சிய கொட்டைகளைக் குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள்.

எதிர்பார்ப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று குறைவது. கிடைப்பது அப்படி அச்சாக இராது. முதல் வீச்சில் 58 எஞ்சலாம், 70 எஞ்சலாம். கடைசி வீச்சுகளில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். இதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்; பாடமே அதுதான். எல்லாக் குழுக்களின் எண்களையும் கரும்பலகையில் கூட்டிப் பாருங்கள். மொத்தம் கூடக் கூட வரைகோடு சீராகிக்கொண்டே வரும். எண்ணிக்கை பெருகும்போது தற்செயலுக்குள் ஒழுங்கு தெரிகிறது.

ஒரு குழுவின் கொட்டைகள் சரிபாதியாக விழாமல், ஒவ்வொரு முறையும் சுமார் பத்தில் நான்கு மட்டும் வெள்ளையாக விழலாம். தேய்த்த விதத்தைப் பொறுத்தது அது. அக்குழுவின் கோடு மெதுவாக இறங்கும்; வடிவம் மாறாது. வேகம் வேறு, விதி ஒன்று. கார்பனுக்கும் யுரேனியத்துக்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே.

பிறகு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: “ஐந்து வீச்சிலும் தப்பிய கொட்டைக்கு ஆறாவது வீச்சில் வெள்ளை விழும் வாய்ப்பு கூடுமா?” வகுப்பில் பாதிப்பேர் ஆம் என்பார்கள். கொட்டைக்கு ஞாபகம் கிடையாது என்று அவர்களே கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள்.

125 கோடி ஆண்டுகளை ஒரு மணி நேரத்தில் அளப்பது

கார்பன் உதவாது என்றால் வேறு எது உதவும்? நீண்ட அரை ஆயுட்காலம் கொண்ட தனிமங்கள் வேண்டும். பொட்டாசியம்-40க்கு 125 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235க்கு சுமார் 70 கோடி. யுரேனியம்-238க்கு சுமார் 447 கோடி.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ரூதர்போர்டின் ஆய்வு நடந்தே நூற்றிருபது ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது. 125 கோடி ஆண்டுகளை யார் காத்திருந்து பார்த்தார்கள்?

விடை எளியது. ஒரே ஒரு தென்னையின் அருகில் அமர்ந்து அது எப்போது பட்டுப்போகும் என்று பார்ப்பதானால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். ஒரு கோடி தென்னைகளைப் பார்த்தால் ஒரே நாளில் பல பட்டுப்போவதைக் காணலாம். அந்த எண்ணிக்கையிலிருந்து கணக்குப் போடலாம்.

நம் பகுதியில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் போடும் பொட்டாஷ் உரத்தையே எடுத்துக்கொள்வோம். இயற்கையான பொட்டாசியத்தில் பத்தாயிரம் அணுக்களுக்கு ஏறத்தாழ ஒன்று பொட்டாசியம்-40. ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்குச் சுமார் 31 அணுக்கள் சிதைவதைக் கருவிகள் காட்டுகின்றன. மற்றவை பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு:

• ஒரு கிராம் பொட்டாசியத்தில் உள்ள அணுக்கள்: அவகாட்ரோ எண்ணை 39.1ஆல் வகுக்க, 1.54 × 10²².
• அதில் பொட்டாசியம்-40 (0.0117 விழுக்காடு): 1.8 × 10¹⁸.
• அரை ஆயுட்காலம் = 0.693 × அணுக்களின் எண்ணிக்கை ÷ ஒரு நொடியில் சிதைபவை = 0.693 × 1.8 × 10¹⁸ ÷ 31 = சுமார் 4.02 × 10¹⁶ நொடி.
• ஓர் ஆண்டுக்கு 3.156 × 10⁷ நொடி. வகுத்தால் சுமார் 127 கோடி ஆண்டுகள்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு 125 கோடி. நாம் எடுத்த தோராய எண்களுக்கு இது நல்ல பொருத்தம். இரவு பதினொரு மணிக்குச் சமையலறை மேசையில் இந்த விடை வந்தபோது மூன்று முறை போட்டுப் பார்த்தேன். நம்பிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை முதன்முதலாக அறிந்துகொண்டது போல் இருந்தது.

ஒரு கிலோ பொட்டாஷ் உரத்தில் நொடிக்குச் சுமார் 15,000 சிதைவுகள் நிகழ்கின்றன. நம் உடலிலும் பொட்டாசியம் உண்டு. அதில் நொடிக்கு நான்காயிரத்துக்கு மேல். இது உயிரினங்கள் தோன்றிய நாள் முதல் உடனிருக்கும் இயற்கைக் கதிரியக்கம். அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் மாணவர்களிடம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

பொட்டாசியம்-40 சிதையும்போது பத்தில் ஒரு பங்கு ஆர்கான்-40 ஆகவும் மீதி கால்சியம்-40 ஆகவும் மாறுகிறது. ஆர்கான் வாயு. எரிமலைக் குழம்பு உருகிய நிலையில் இருக்கும்போது அது வெளியேறிவிடும். குழம்பு இறுகிப் பாறையான பிறகு உண்டாகும் ஆர்கான் படிகத்துக்குள் சிறைப்படும். எனவே, இறுகிய நொடியில் கடிகாரம் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. எஞ்சிய பொட்டாசியத்தையும் சேர்ந்த ஆர்கானையும் அளந்தால் இறுகி எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். நாம் சந்திக்கும் வெப்பமோ அழுத்தமோ வேதிவினையோ சிதைவின் வீதத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதில்லை. கடிகாரத்தை நம்ப அதுவே காரணம்.

அப்படியானால் சாத்தனூர் மணற்பாறையை அளந்துவிடலாமா? முடியாது. அது படிவுப் பாறை. அதன் மணல் பழைய மலைகளிலிருந்து அரித்து வந்தது. மணலை அளந்தால் தாய்ப்பாறையின் வயதுதான் கிடைக்கும். இடித்த வீட்டின் செங்கல்லைக் கொண்டு புதுவீடு கட்டினால், செங்கல்லின் வயது வீட்டின் வயது ஆகுமா?

இங்கேதான் அரியலூரின் கடல் உயிர்கள் துணைக்கு வருகின்றன. கிரிட்டேசியஸ் காலத்தில் நம் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. சிமெண்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச் சென்ற சொத்து. 1860களில் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இங்குள்ள அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். எது மூத்தது, எது இளையது என்று அவருக்குத் தெரியும். எத்தனை ஆண்டு என்று தெரியாது. ஆண்டுக்கணக்கு இயற்பியல் தந்தது.

காரை, வாரணவாசி பக்கம் சென்றவர்கள் சுருள் ஓடு போன்ற அம்மோனைட்டுப் படிவங்களைப் பார்த்திருப்பீர்கள். அம்மோனைட்டு இனங்கள் விரைவாகத் தோன்றி, கடல்கள் தோறும் பரவி, விரைவாக மறைந்தவை. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அம்மோனைட்டுகள் உள்ள அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் அடுக்குகளும் உள்ளன. அச்சாம்பலின் வயதைக் கதிரியக்கம் சொல்கிறது. சாம்பல் அம்மோனைட்டின் வயதைச் சொல்கிறது. உலகெங்கும் இப்படிக் கோக்கப்பட்ட காலவரிசையைக் கொண்டு நம் ஊர் அடுக்கின் வயது கணிக்கப்படுகிறது. அந்த அடுக்கில் கிடக்கும் மரத்துக்கும் அதுவே வயது. மாணவி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: எண்ணியவர் ஒருவர் அல்லர். நிலவியலாளரும் உயிரியலாளரும் இயற்பியலாளரும் கை மாற்றி எண்ணினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்பெற்ற இயற்பியலாளர் கெல்வின், பூமி குளிர்ந்த வேகத்தைக் கணக்கிட்டு அதன் வயது 2 முதல் 4 கோடி ஆண்டுகள் என்றார். கதிரியக்கம் தரும் வெப்பமும், பூமியின் உட்பகுதி மெல்ல நகர்ந்து வெப்பத்தை மேலே கொண்டுவருவதும் அவர் கணக்கில் இல்லை. அவர் சொன்னது சரியென்றால் பூமியைவிடச் சாத்தனூர் மரம் மூத்தது! 1956இல் கிளேர் பேட்டர்சன் ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கண்டார். பெரிய அறிஞரின் கணக்கும் திருத்தப்படும் என்பதற்கு வகுப்பில் சொல்ல இது நல்ல சான்று.

எப்படிப் படித்தேன்?

முதலில் பெரிய ஆங்கில நூல் ஒன்றை வாங்கி முப்பது பக்கத்தோடு மூடி வைத்தேன். பிறகு நம் பாடநூல்களையே வரிசையாக எடுத்தேன்: எட்டு, ஒன்பதில் அணு அமைப்பு, பத்தில் அணுக்கரு, பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் மடக்கை, பன்னிரண்டில் சிதைவு விதி. மாணவராக அமர்ந்து, பயிற்சி வினாக்களை எழுதிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவருக்குத் தடை இயற்பியல் அன்று, மறந்துபோன கணக்கு. மடக்கைக்காக மேல்நிலை வகுப்புக் கணித ஆசிரியர் ஒருவரிடம் மாலை நேரங்களில் சென்றேன். அவர் ஒருமுறையும் சிரிக்கவில்லை.

புரியாத இடங்களை மட்டும் எழுத ஒரு தனிக் குறிப்பேடு வைத்தேன். ‘ஏன் பாதி?’, ‘எப்படி அளந்தார்கள்?’, ‘கடிகாரம் எப்போது தொடங்கும்?’ என்பவை அதிலிருந்த வரிகள். இக்கட்டுரையின் உட்தலைப்புகள் அங்கிருந்து வந்தவைதாம்.

பாடம் நடத்துவதற்காகப் படிப்பது தாழ்ந்த படிப்பு என்று எண்ண வேண்டியதில்லை. திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1907 முதல் பத்து ஆண்டுகள் நிதித் துறை அலுவலர். ஆய்வு அலுவலகத்துக்கு முன்னும் பின்னும்தான். சத்யேந்திரநாத் போஸ் டாக்கா பல்கலைக்கழக ஆசிரியர். பிளாங்கின் கதிர்வீச்சு விதிக்கு அப்போதிருந்த வருவித்தலில் அவருக்கு நிறைவில்லை. தாமே ஒரு வழி கண்டு, 1924இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். நாம் போஸ் ஆக வேண்டாம். நமக்கே நிறைவில்லாத விளக்கத்தை மாணவருக்குக் கொடுத்துவிட்டு நகராமல் இருந்தால் போதும்.

ஏழு மாதம் கழித்து

பொதுத் தேர்வுக்கு முந்தைய திருப்புதல் நாட்களில் ஒரு பாடவேளையை எடுத்துக்கொண்டேன். “போன வருஷம் சாத்தனூர்ல நான் சொன்னது தப்பு” என்று தொடங்கினேன். வகுப்பு அமைதியானது. புளியங்கொட்டைகளைக் கொடுத்தேன். பொட்டாஷ் கணக்கைப் போட்டோம். செங்கல்லையும் அம்மோனைட்டையும் பேசினோம். அந்த மாணவி பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்திருந்தாள். ‘கார்பன் டேட்டிங்’ என்ற சொல்லை அடித்துவிட்டு அருகில் மூன்று வரி எழுதினாள். என் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சியிருந்தேன். அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் கேள்விகள் கூடின, “நீங்க சரியாப் பார்த்தீங்களா டீச்சர்?” என்ற கேள்வி உட்பட.

மணி அடிக்கும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “அணுவுக்கு வயசும் ஆகாது, ஞாபகமும் இல்லன்னா, இப்ப உடையணும்னு அதுக்கு யாரு சொல்றது டீச்சர்?”

1928ஆம் ஆண்டு காமோவும், அவரைச் சாராமல் கர்னியும் காண்டனும் ஆல்ஃபா சிதைவுக்குக் குவாண்டம் விளக்கம் தந்தார்கள் என்று படித்திருக்கிறேன். துகளால் தாண்ட முடியாத தடையைச் சிறு வாய்ப்போடு அது ஊடுருவுகிறது என்பது அவ்விளக்கம். இதற்கு மேல் எனக்கு இன்னும் தெளிவில்லை. அவனிடம் அதையே சொன்னேன். என் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் இப்போது இருப்பது அவனுடைய கேள்வி.